சபையில் ஏன் இப்படி?

வாழ்நாளெல்லாம் கண்ணியமே உருவாயிருந்த கணவர், கல்யாணப் பந்தியில் அடுத்தவர் இலையிலிருந்து எடுத்து உண்பதும், முன்பின் அறியாதவரைக் கூசாமல் கடிந்துரைப்பதும் குணதோஷத்தால் அன்று. பிராகு நகர வைத்தியர் ஆர்னால்டு பிக் 1892-இல் விவரிக்கத் தொடங்கிய நோய்வகையில், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி சுருங்கி, எழும் இச்சையைத் தகாதென்று தடுக்கும் சக்தி க்ஷீணித்துவிடுகிறது. ஆரம்பத்தில் ஞாபகசக்தி பெரும்பாலும் நிலைத்திருப்பதால், வேண்டுமென்றே செய்கிறார் என்று பார்ப்போர் எண்ணுகிறார்கள். அந்தப் பழிச்சொல் மனைவியின் நெஞ்சைச் சுடுவதே இந்நோயின் பெருங்கொடுமை என்பேன். தவற்றை உணரும் கருவியே பழுதுற்றிருக்க, தர்க்கம் பேசித் திருத்த முயல்வது வீண். கூட்டமும் இரைச்சலும் குறைந்த வேளையில் அழைத்துச் செல்வதும், மெல்லக் கைபற்றி வேறொன்றில் கவனத்தைத் திருப்புவதும், ‘இவருக்கு மூளைநோய், பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்றெழுதிய சிறு சீட்டை அருகிலிருப்பவரிடம் ஓசையின்றி நீட்டுவதுமே பலன் தரும்.