இரைச்சலுக்கும் ஒரு விலை உண்டு

தொழில் பெருகும்போது அதன் சத்தமும் பெருகும். அரைக்கும் மில், ஜெனரேட்டர், விடியற்காலையில் சரக்கு இறக்கும் லொறி என்று எமது வியாபாரங்களிலும் இது உண்டு. அயலவர் முறைப்பட்டால், "பிழைப்புக்கு வேறு என்ன செய்வது?" என்று கேட்டுவிட்டு எம்மில் பலர் இருந்து விடுகிறோம். எம்மைவிடப் பல மடங்கு இரைச்சல் உண்டாக்கும் விமான நிலையங்கள் இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாளுகின்றன என்று பார்ப்போம்.

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 2001 இல் நான்கு வழிகளைக் காட்டியது. விமானத்தின் சத்தத்தையே குறைப்பது, ஓடுபாதையை அண்டி வீடுகள் பெருகாமல் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, நேரக் கட்டுப்பாடு விதிப்பது என்பனவே அவை. கட்டுப்பாட்டை எடுத்த எடுப்பில் விதிக்கக் கூடாது என்பதும் அதன் நிலைப்பாடு.

லண்டன் ஹீத்ரோவில் நடப்பது எம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு இலகுவில் விளங்கும். அது கடன் கொப்பி போன்றது. இரவு 11.30 முதல் காலை 6 மணி வரை வந்து போகும் ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் சத்தத்துக்கு ஏற்பப் புள்ளி உண்டு. சத்தம் 3 டெசிபல் கூடினால் புள்ளி இரட்டிக்கும். ஒரு பருவத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை விமானம் என்று வரம்பு இருக்கிறது. 2 புள்ளி விமானம் ஒன்று, அரைப் புள்ளி விமானங்கள் நான்கின் பங்கைத் தின்றுவிடும். அத்துடன் சத்தம் கூடிய விமானத்துக்குத் தரையிறங்கும் கட்டணமும் அதிகம்.

இதன் பலன் தொழிற்சாலை வரை போனது. லண்டனின் இரவு விதிக்குப் பொருந்த வேண்டும் என்று விமானக் கம்பனிகள் கேட்டதால், எயார்பஸ் நிறுவனம் ஏ380 விமானத்தின் வடிவமைப்பையே மாற்றியது. வாங்குபவர் கேட்டால் விற்பவர் செய்தே ஆகவேண்டும் அல்லவா?

செலவில்லாத வழிகளும் உண்டு. படிப்படியாக இறங்காமல் ஒரே சீராக இறங்கினால் சத்தமும் குறையும், எரிபொருளும் மிஞ்சும். ஹீத்ரோவில் மேற்குத் திசை நோக்கி இறங்கும் நாட்களில், பிற்பகல் 3 மணிக்கு இறங்கும் ஓடுபாதையை மாற்றுகிறார்கள். இதனால் இரு பக்கத்தாருக்கும் அரை நாள் ஓய்வு கிடைக்கிறது.

ஆனாலும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. இரவில் விமான இரைச்சல் சராசரியாக 40 டெசிபலுக்குக் கீழ் இருக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2018 இல் பரிந்துரைத்தது. ஒவ்வொரு விமானமும் அமைதியானாலும் எண்ணிக்கை கூடினால், கீழே இருப்பவரின் தூக்கம் கெடத்தான் செய்யும்.

எமக்குரிய பாடம் இதுதான். சத்தத்தை முதலில் அளந்து பாருங்கள். மெஷினுக்கு அடியில் ரப்பர் வையுங்கள், ஜெனரேட்டரைச் சுற்றி மறைப்புக் கட்டுங்கள், லொறி வரும் நேரத்தை அயலவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். நாமாகச் செய்தால் செலவு சிறிது. முறைப்பாடு முற்றி, அதிகாரிகள் வந்து நேரம் குறித்தால் நட்டம் பெரிது.