உடுப்பு உறுத்தும் பிள்ளைகள்

“என்ன உடுப்புப் போட்டாலும் கழட்டி எறியிறான் சுவாமி, சரியான பிடிவாதக்காரன்” என்று தாய்மார் எம்மிடம் முறையிடுவதுண்டு. சட்டை கழுத்தில் பட்டவுடன் அழுகை. இடுப்பு இலாஸ்ரிக்கை இழுத்து இழுத்துக் கிழித்தல். மேஸ் போடச் சொன்னால் பாடசாலைக்கே போகமாட்டேன் என்று கொட்டில் மூலைக்குள் குந்துதல். அடித்துப் பார்த்தவர்களும் உண்டு, நூல் கட்டிப் பார்த்தவர்களும் உண்டு. பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்று அறிய முயன்றவர்கள் சிலரே.

அருவி வெட்டிச் சூடடித்த நாளை நினைத்துப் பாருங்கள். நெற்சுணை மேலெல்லாம் ஒட்டியிருக்க, குளிக்காமல் ஒரு பகல் முழுதும் வாங்கில் இருந்து கணக்குப் படிக்கச் சொன்னால் எம்மால் முடியுமா? சில பிள்ளைகளுக்குப் புதுச் சட்டையின் கழுத்துப்பட்டி அப்படித்தான் இருக்கிறது. தோலில் படுவதை மூளை வாங்கிக்கொள்ளும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. எமக்குச் சட்டை போட்ட சிறிது நேரத்தில் அது மறந்துபோகிறது, அவர்களுக்கு மறப்பதேயில்லை. அமெரிக்காவின் ஜீன் அயர்ஸ் என்ற தொழில்வழிச் சிகிச்சையாளர் 1960களிலேயே இதைப்பற்றி எழுதினார். ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இது அதிகம். ஆனால் வேறெந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளிடமும் இருக்கலாம்.

ரெம்பிள் கிராண்டின் என்னும் அமெரிக்கப் பெண்மணியின் அனுபவம் விவசாயிகளாகிய உங்களுக்கு விசேடமாக விளங்கும். 1947இல் பிறந்த அவர் ஓட்டிசம் உள்ளவர். கால்நடை விஞ்ஞானப் பேராசிரியராக உயர்ந்தவர். சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போடும் விறைப்பான உள்பாவாடை தோலை அராவியதாலேயே தாம் கோவிலில் குழப்படி செய்ததாக எழுதியிருக்கிறார். (பூசை நேரத்தில் நெளியும் பிள்ளையை முறைத்துப் பார்ப்போர் இதைக் கவனிப்பது நல்லது.) பதின்ம வயதில் அரிசோனாவில் உள்ள உறவினர் ஒருவரின் பண்ணைக்குப் போனபோது, ஊசி போடுவதற்காக மாட்டை இருபுறமும் பலகையால் நெருக்கும் கூண்டைக் கண்டார். நெருக்கியதும் சில மாடுகள் அமைதியடைந்தன. தாமும் அதற்குள் நின்று பார்த்து, பிறகு தமக்கென ஒன்றைச் செய்துகொண்டார். மெல்லெனத் தடவுவது எரிச்சலூட்டும். அழுத்திப் பிடிப்பது ஆற்றும். இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரிடம் இதைக் காணலாம். ஆகவே தொளதொளத்த சட்டைதான் எல்லாருக்கும் சுகம் என்று எண்ணவேண்டாம். சீருடைக்குள்ளே உடம்போடு ஒட்டிய பழைய பெனியன் ஒன்றைப் போட்டுவிட்டால் அடங்கிவிடும் பிள்ளைகளும் உண்டு.

முதலில் தோலைப் பாருங்கள். இரவில் கடி கூடுகிறதா, விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் சிறு பருக்கள் உண்டா, வீட்டில் மற்றவர்களும் சொறிகிறார்களா? அப்படியானால் அது சொறிச் சிரங்காக இருக்கலாம். மருந்து எடுத்து வீட்டார் எல்லாரும் ஒரே நாளில் பூசவேண்டும். நெருக்கமாக வாழும் இடங்களில் இது விரைவில் பரவும். தோல் சுத்தமாக இருந்தும் குறிப்பிட்ட உடுப்புக்கு மட்டும் பிள்ளை அழுதால், உடுப்பைக் கவனிக்க வேண்டியதுதான்.

எமது வெக்கைக்குப் பருத்தியே நல்லது. 100 கிராம் பருத்தி காற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். பொலியெஸ்ரர் அரைக் கிராமும் பிடிக்காது. அதனால்தான் வியர்வை தோலிலேயே தங்கிப் பிசுபிசுக்கிறது. துணி எதுவென்று தெரியாவிட்டால் ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, தறப்பாள் கூரைக்குத் தூரப்போய்க் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரிந்த மணத்தோடு மெல்லிய சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகிக் கட்டியான மணியாகும்.

நிவாரணமாக வரும் பழைய உடுப்பை வாங்கக் கூச்சப்படுவோர் உண்டு. இந்தப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அதுவே மேல். பலமுறை தோய்த்த துணியில் ஆலைப் பசை கழன்று நூல் மெதுமையாகியிருக்கும். அம்மம்மாவின் நைந்த நூல் சேலையில் தைத்த சட்டைக்கு ஈடாகக் கடையில் எதுவும் இல்லை. 1993இல் தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டத்தில் கிடைப்பது போன்ற புதுத் துணியானால், தைக்குமுன் நாலைந்து தடவை தோய்த்துக் காயவிடுங்கள். கஞ்சி போடவேண்டாம். சவர்க்காரம் துணியில் தங்கினாலும் கடிக்கும். பவுசர் தண்ணீரில் வாழ்பவர்களுக்கு இது கஷ்டந்தான். ஆனாலும் கடைசி அலசலுக்கென ஒரு வாளி ஒதுக்குங்கள். கொடியில் விறைத்துக் காய்ந்ததை உதறிக் கையால் கசக்கிக் கொடுத்தாலே பாதி முள் போய்விடும்.

கழுத்தில் உள்ள கம்பனித் துண்டைக் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டால் மிஞ்சும் அடிக்கட்டை முன்னையதைவிட மோசமாகக் குத்தும். பிளேட்டால் தையலையே பிரித்து எடுங்கள். இலாஸ்ரிக்குக்குப் பதிலாக நாடா கோர்க்கலாம். மேஸை உட்புறம் வெளியே திருப்பிப் போட்டால் விரல் நுனியில் தையல் உரசாது. வீட்டில் சட்டையையும் அப்படியே போட விடுங்கள். ஊரார் சிரித்தால் சிரிக்கட்டும்.

பிள்ளைக்குப் பிடித்த உடுப்பு ஒன்று அகப்பட்டால், முடிந்தால் அதேபோல இன்னொன்றும், ஒரு அளவு பெரியதாக மற்றொன்றும் தேடி வையுங்கள். தீபாவளிக்கோ நத்தாருக்கோ எடுத்த புதுச்சட்டையை அன்று காலையில் திடீரெனப் போடாமல், இரண்டு கிழமைக்கு முன்பே கொடுத்துப் பழக்கவேண்டும். 2009 வரை நடந்த போரில் பல தடவை கைப்பொதியோடு ஓடிய எமது மக்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. ஆயினும் சொல்கிறோம்: வெள்ளத்துக்கோ வேறெதற்கோ எழும்பவேண்டி வந்தால், பொதியில் முதலாவதாக இந்தப் பிள்ளையின் பழகிய உடுப்பை வையுங்கள். இடமும் முகங்களும் மாறும்போது மாறாமல் உடம்பில் இருப்பது அது ஒன்றுதான்.

பாடசாலையில் கழுத்துப்பட்டியும் சப்பாத்தும் கட்டாயம் என்றால், தாய் தகப்பன் இருவருமாகப் போய் அதிபரிடம் விளக்குங்கள். போகும்போது உறுத்தும் சட்டையையும் கையோடு கொண்டுபோய், தையல் எங்கே படுகிறது என்று தொட்டுக் காட்டுங்கள்.