கேஸ் அடுப்பு எரியாவிட்டால்



ரப்பர் விறகும் மண்ணெண்ணெயும் எரிந்த தோட்டத்து அடுப்படிகளுக்குக் கேஸ் அடுப்பு வந்து புகை போய்விட்டது. நல்லதுதான். ஆனால் விறகடுப்பு அணைந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியும். கேஸ் அடுப்பு எரியாவிட்டால் பலர் உடனே தீப்பெட்டியைத் தேடுகிறார்கள். முதலில் மூக்கால் தேட வேண்டும்.

தோம்பில் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. இதற்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று அழுகிய முட்டை போன்ற நாற்றத்தைச் சேர்த்து அனுப்புகிறார்கள். இது காற்றைவிடக் கனமானது. ஆகவே மேலே போகாமல் தரையோடு படரும்; வாய்க்காலில் இறங்கிப் பக்கத்து வீட்டுக்கும் போகும். ஒட்டியிருக்கும் லயத்து வீடுகளில் ஒரு வீட்டுக் கசிவு ஒரு வீட்டோடு நிற்பதில்லை.

விடியற்காலை நாலரை மணிக்கு, இருட்டில், அடுப்படிக்குள் நுழைந்ததும் கை தானாக விளக்குச் சுவிட்சுக்குப் போகும். நாற்றம் அடித்தால் அந்தக் கையை நிறுத்துங்கள். சுவிட்சில் எழும் சிறு பொறி போதும். எரிகிற விளக்கையும் அணைக்க வேண்டாம். கதவு, ஜன்னலைத் திறந்து, எட்டுமானால் ரெகுலேட்டரை மூடி, பிள்ளைகளோடு வெளியேறுங்கள். அண்டை வீட்டாருக்கும் சொல்லுங்கள். வெளியே நின்று 999-க்கு அழையுங்கள்.

நாற்றம் இல்லை, அடுப்பும் எரியவில்லை என்றால், இரண்டு பக்கமும் எரியவில்லையா, ஒன்று மட்டுமா என்று பாருங்கள். இரண்டுமே என்றால் கோளாறு தோம்பிலோ, ரெகுலேட்டரிலோ, குழாயிலோ இருக்கும். ரெகுலேட்டர் சரியாக உட்கார்ந்து திறந்திருக்கிறதா? குழாய் மடங்கிக் கிடக்கிறதா? தோம்பு காலியா என்று அறிய, அதன் பக்கவாட்டில் ஒரு குவளை வெந்நீரை ஊற்றி, உள்ளங்கையால் மேலிருந்து கீழே தடவுங்கள். திரவம் இருக்கும் மட்டத்திலிருந்து கீழே குளிர்ச்சியாக இருக்கும்.

இன்னொன்று. திருவிழாச் சமையலில் பெரிய அடுப்பை மணிக்கணக்கில் எரித்தால் தோம்பு சில்லிட்டு வியர்க்கும், தீயும் சிறுக்கும். திரவம் வாயுவாக மாற வெப்பம் வேண்டும். அதைத் தோம்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. சற்று ஓய்வு கொடுத்தால் தீ மீண்டும் வரும். இது தெரியாமல் மீதி கேஸோடு தோம்பைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம், காசு நம்முடையது! ஆனால் கடைசிச் சொட்டுவரை எரிக்கிறேன் என்று தோம்பைப் படுக்க வைப்பது பெரும் ஆபத்து. திரவமே குழாய்க்குள் வந்துவிடும். தீ கையை மீறி எழும். அடியில் தீ மூட்டிச் சூடாக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒரு பக்கம் மட்டும் எரியாவிட்டால், பெரும்பாலும் பொங்கி வழிந்த கஞ்சிதான் காரணம். அடுப்பு ஆறியபின் பர்னரைக் கழற்றித் துலக்கி, துளைகளை ஊசியால் குத்தி, நன்றாக உலர்த்துங்கள். நெடுநாள் பயன்படாத அடுப்பின் குழலில் சிலந்தி கூடு கட்டியிருக்கலாம். தீப்பொறி வராவிட்டால் தீக்குச்சியைக் கொளுத்திக்கொண்டு பிறகே குமிழைத் திருப்புங்கள். முதலில் திருப்பிவிட்டுத் தீக்குச்சி தேடுகிறவர்கள் முகத்தைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக எரிந்து பானையில் கரி பிடித்தால், காற்றுப் போதவில்லை. துலக்கியும் நீங்காவிட்டால், அடுப்புக்கு அடியில் காற்றுத் துவாரத்தை மூடும் தகட்டைச் சிறிது திறக்கலாம். அப்படி எரியும் தீ, வாசனையில்லாத நச்சு வாயுவையும் வெளியிடும்; சன்னலைத் திறந்து வைத்துச் சமையுங்கள்.

புதுத் தோம்பு மாட்டும்போதெல்லாம், அடுப்பை மூடி, ரெகுலேட்டரைத் திறந்து, இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழி ஊதினால் அங்கே கசிவு. குழாயில் என்றால் புதுக் குழாய் வாங்குங்கள். ஒட்டுத்துணி சுற்றுவது வேலைக்காகாது. தோம்பின் வாயில் என்றால் ரெகுலேட்டரை மூடிக் கழற்றுங்கள். அதன் பிறகும் நாற்றம் அடங்காவிட்டால் தோம்பை அணுகாமல் வெளியேறி 999-க்கு அழையுங்கள். அடங்கினால் அந்தத் தோம்பை நிமிர்த்தியபடியே வெளியில் காற்றோட்டமான இடத்தில், வாய்க்காலுக்குத் தள்ளி வைத்து, கடைக்காரரை வரச்சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.