வாட்டை அளப்போரும் மலையும்

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலையிலிருந்து வடமேற்கே ஐரோப்பாவை நோக்கி ஹாம் எனப்படும் பொழுதுபோக்கு வானொலியர் ஒருவர் தாழ்ந்த கோணத்தில் விடுக்கும் சிற்றலையை, எதிரே மதில்போல் நிற்கும் ஏலமலைத் தொடர் பெரிதும் மறித்துவிடக்கூடும். போதாக்குறைக்கு, நம் நாட்டு விதி கட்டுப்படுத்தப்பட்ட உரிமத்தார்க்கு 50 வாட்டும் பொது உரிமத்தார்க்கு 400 வாட்டுமே அனுமதிக்கிறது, ஹாம் வானொலியர்க்கான ஸி.க்யூ. உலகப் போட்டியிலோ 1500 வாட் வரை முழங்கும் நிலையங்கள் உண்டு. அதனாலேயே அப்போட்டியை நடத்துவோர், 5 வாட்டுக்கு உட்பட்டோர், 100 வாட்டுக்கு உட்பட்டோர், அதற்கு மேற்பட்டோர் எனச் சக்தியின் தாரதம்மியம் நோக்கி வகுத்திருப்பதோடு, தனியாள் பெருங்குழுவோடு மோத வேண்டிய சங்கடத்தையும் நீக்கியிருக்கிறார்கள். நியாயமான ஏற்பாடுதான், ஆனால் 400 வாட்டுக்காரர் 1500 வாட்டுக்காரருடன் ஒரே பந்தியில் அமர நேர்வதும், வாட்டை அளப்பவர்கள் மலையை அளக்காததும் எனக்குச் சற்றே உறுத்துகின்றன. 100 வாட்டுக்குள் அடங்கி நிற்பதே நம்மவர்க்கு விவேகம்.