கருவியும் அச்சமும்: டிஸ்டோபியாக் கதைகளும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும்

டிஸ்டோபியா என்பது கொடுங்கனவு போன்ற ஒரு சமூகத்தைக் காட்டும் புனைவு வகையாகும். பெண்களைப் பற்றிய இத்தகைய கதைகளில் தொழில்நுட்பமும் அச்சமும் அடக்குமுறைக் கருவிகளாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. மார்கரெட் அட்வுட்டின் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) நாவலில் பணம் முழுவதும் கணினிக்குள் போய்விட்டதால், பெண்களின் வங்கிக் கணக்குகளை ஒரே நாளில் முடக்கிவிட முடிகிறது.

இந்திய எழுத்தாளர் மஞ்சுளா பத்மநாபனின் 'எஸ்கேப்' (2008) நமக்கு இன்னும் அருகில் வருகிறது. தளபதிகள் ஆளும் ஒரு நாட்டில் பெண்கள் ஒழிக்கப்பட்டுவிட்டனர். குளோனிங் இருப்பதால் தாய் தேவையில்லை. மிஞ்சிய மெய்ஜி என்ற சிறுமியை மூன்று சகோதரர்கள் ஒளித்து வளர்க்கின்றனர். அவள் பருவமடையாதிருக்க மருந்து கொடுப்பவர்களும் அவர்களே. பாசம் உள்ளவர்களையும் அச்சம் எப்படி மாற்றிவிடுகிறது பாருங்கள்.

கற்பனைதானே என்று புத்தகத்தை மூடிவிட முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு அரியலூரில் 897 பெண் குழந்தைகளும் பெரம்பலூரில் 913 பெண் குழந்தைகளுமே இருந்தனர். மாநில சராசரி 943. சேலத்தில் 1992இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2011இல் இவ்விரு மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் பிறந்த குழந்தையைத்தான் தொட்டில் ஏற்க முடியும். ஸ்கேன் அதற்கு முன்பே முந்திக்கொள்கிறது.

இங்கே தளபதி யாரும் இல்லை. ஸ்கேன் எந்திரமும் கருவின் வளர்ச்சியைப் பார்க்க வந்த நல்ல கருவிதான். அதைத் திசைதிருப்புவது நகை, சீர், வரதட்சணை பற்றிய பயம். "ரெண்டாவதும் பொண்ணா?" என்ற கேள்வி பெரும்பாலும் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது. பெண்களும் அதைக் கேட்கிறார்கள் என்பதை மறைப்பதில் பயனில்லை.

பாலினத் தேர்வைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 2003இல் கடுமையாக்கப்பட்டது. குழந்தையின் பாலினத்தை அறிய விரும்பவில்லை என்று ஸ்கேன் செய்யும்போது கர்ப்பிணி கையெழுத்திட வேண்டும். (மாமியாரிடம் யாரும் அப்படி எழுதி வாங்குவதில்லை!) இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு முக்கியமானது. ஒரு பெண் பாலினம் அறியும் சோதனைக்கு உட்பட்டால், வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை, கணவரோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தியதாகவே நீதிமன்றம் கொள்ளும். குற்றத்துக்கு உடந்தையாக இருந்ததற்கு அவர்களே பொறுப்பாவர்.