இரவு முகாம் எங்கே?

உல்லாசப் பிரயாணம் புறப்படுவோர் காணவேண்டிய காட்சிகளைக் குறித்துக்கொள்வதிலே காட்டும் ஊக்கத்தை, இரவில் தலைசாய்க்கும் இடத்தைத் தேர்வதிலே காட்டுவதில்லை. விடுதியில் தங்குவோருக்கு இது பெருங்குறையன்று. ஆனால் படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மலசலகூடம் யாவும் உள்ளே அமைந்த வீட்டு வாகனத்திலே, அதாவது அமெரிக்கர் ‘ஆர்.வி.’ என்று சுருங்கக் கூறும் ஊர்தியிலே, செல்வோருக்கு இரவு முகாமே பகற்பொழுதின் போக்கையும் வகுத்துவிடுகின்றது. வட அமெரிக்காவில் வாழும் பிள்ளைகளிடம் கோடையிலே செல்லும் நம்மவர் சிலரும் இவ்வாகனங்களில் ஏறுகின்றனராதலின், அவர்கள் செல்லக்கூடிய ஓரிடத்தையே எடுத்துக்கொள்வோம்.

1872ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட யெலோஸ்ரோன் தேசியப் பூங்கா ஏறத்தாழ 22 இலட்சம் ஏக்கர் பரப்புடையது. அதனுள்ளே ‘8’ என்னும் எண்ணின் வடிவில் 142 மைல் நீளமான பெருவீதி வளைந்து செல்கின்றது. வேக எல்லை பெரும்பாலும் மணிக்கு 45 மைல். ஆகவே ஒரே நாளில் யாவற்றையும் கண்டுவிடலாம் என்று வரைபடத்தைப் பார்ப்பவர் எண்ணுவது இயல்பே. ஆனால் பைசன் என்னும் காட்டெருமைக் கூட்டம் வீதியில் இறங்கி நின்றுவிட்டால், அது விலகும் வரை மோட்டார் வாகனங்கள் வரிசையாகக் காத்திருக்க வேண்டியதுதான். அவற்றுக்கு எந்த மனிதரின் அவசரமும் பொருட்டன்று!

எல்லோரும் முதலில் நாடுவது ‘ஓல்ட் பெய்த்புல்’ என்னும் வெந்நீர்ப் பீச்சூற்றை. ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை அது வானோக்கிப் பாயும். அதனருகிலே வீட்டு வாகன முகாம் கிடையாது. வாகனத் தரிப்பிடத்திலேயே இரவைக் கழித்துவிடலாமென்றால் பூங்கா விதிகள் அதற்கு இடமளிப்பதில்லை. வடக்கே 16 மைலில் உள்ள மடிசன் முகாமே அண்மையானது. கிப்பன், பயர்ஹோல் என்னும் இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில், மரநிழலில் அமைந்த இனிய இடம் அது. மின்னிணைப்பும் குழாயிணைப்பும் அங்கில்லை. மின்பிறப்பாக்கியைக் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரையே இயக்கலாம்.

மின்சாரம், நீர், கழிவுநீர் ஆகிய மூன்று இணைப்புகளும் உள்ள முகாம் பூங்காவினுள் ஒன்றே ஒன்று. ஏரிக்கரையை அண்டிய ‘பிஷிங் பிரிட்ஜ்’ என்பது அது. மீன்பிடிப் பாலம் என்று பெயர். அப்பாலத்தில் நின்று மீன்பிடிப்பதோ 1973இலிருந்து தடைசெய்யப்பட்டுள்ளது! கிறிஸ்லி கரடிகள் உலாவும் பகுதியாதலால் உறுதியான சுவருடைய வாகனங்களுக்கே அங்கு அனுமதியுண்டு. கூடாரங்களும் துணிச்சுவர் கொண்ட வண்டிகளும் ஆகா. இரவிலே சுவாசக் கருவியின் துணையுடன் உறங்கும் முதியவர் உடன் வருவாராயின், எந்த எழிலையும்விட அங்குள்ள மின்னிணைப்பே எனக்குப் பெரிதாகத் தோன்றும்.

அப்படியாயின் எல்லா இரவுகளையும் அங்கேயே கழிக்கலாமே என்பீர்கள். பிஷிங் பிரிட்ஜிலிருந்து ஓல்ட் பெய்த்புல் 38 மைல், போய்வர 76. மடிசனிலிருந்து வனவிலங்குகளைக் காண லமார் பள்ளத்தாக்குக்குச் செல்வதாயின், அதற்குத் திரும்பும் சந்தியை அடையவே 45 மைலோட வேண்டும். வழியிலுள்ள டன்றேவன் கணவாயோ 8,800 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. சிறிய காரொன்றும் கூட இல்லாதவர் ஒவ்வொரு காலையிலும் குழாயைக் கழற்றி, மின்கம்பியைச் சுருட்டி, பாத்திரங்களை அடைத்து, வீட்டையே நகர்த்த வேண்டும். பிற்பகலுக்குள் குழந்தைகள் சோர்ந்து, பெரியோர் முகம் சுளித்துவிடும். நான்கு இரவுகள் இருப்பின் இரண்டை மடிசனிலும் இரண்டை பிஷிங் பிரிட்ஜிலும் கழிப்பதே தக்கது. முதலிரண்டு நாட்களில் மேற்கிலுள்ள வெந்நீர் ஊற்றுகளையும், பின்னிரண்டு நாட்களில் ஏரியையும், 16 மைலுக்கு அப்பாலுள்ள பெரும் பள்ளத்தாக்கையும் அருவிகளையும் ஆறுதலாகக் காணலாம்.

பூங்காவுக்கு வெளியே வெஸ்ற் யெலோஸ்ரோன் என்னும் ஊரிலும் தனியார் முகாம்கள் உண்டு. கடைகளும் சௌகரியங்களும் அருகிலிருக்கும். ஆனால் மடிசனுக்கு 14 மைல், காலையில் வாயிலிலே நெரிசல். விலங்குகள் வெளிவரும் வைகறைப் பொழுதை விரும்புவோருக்கு இது ஏற்றதன்று. உள்ளே இடம் கிடையாதபோது ஒப்புக்கொள்ளத்தக்கது.

கோடைக்குரிய இடங்களைப் பல மாதங்களுக்கு முன்னரே பதிவு செய்துவிட வேண்டும். பதியும்போது இழுத்துச்செல்லும் காரையும் சேர்த்து வாகனத்தின் முழுநீளத்தையும் அறிவித்தல் அவசியம். சிறிய முகாம்களில் நீண்ட வாகனங்கள் திரும்பவும் இயலாது. பிஷிங் பிரிட்ஜ் ஏறத்தாழ 7,800 அடி உயரத்தில், நுவரெலியாவையும் விட உயர்ந்த தரையில், உள்ளது. ஆடி மாதத்து இரவிலும் கம்பளி வேண்டும். இதயநோயோ மூச்சிளைப்போ உடையவர் முன்னதாகவே தம் வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

முகாமை அடைந்ததும் உணவுப்பொருள்களையும் சமைத்த பாத்திரங்களையும் வெளியில் விடாது வாகனத்துள் வைத்துப் பூட்டுங்கள். வெறும் பாத்திரத்தின் வாசனைக்கும் கரடி வரும்.