கடைப் பையனுக்கு வார விடுமுறை உண்டா?

பழைய சாங்வி, நவி சாங்வி இரண்டிலும் தெருவுக்குத் தெரு கிராணா கடை, துணிக்கடை, மருந்துக்கடை. ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேருக்கு வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கும் பையனே இரவில் இறக்கவும் செய்கிறான்.

1948-ம் வருடத்து பம்பாய் கடைகள் சட்டம் சிறு கடைகளுக்கும் பொருந்தியது. அதற்குப் பதிலாக 2017-ல் வந்த மகாராஷ்டிரச் சட்டம், கடையை 365 நாளும் திறக்கலாம் என்றது. ஊழியருக்கு நாளுக்கு 9 மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் ஓய்வு என்றும் வைத்தது. ஆனால் 10 பேருக்குக் குறைவான கடைக்கு இந்த விதிகள் கிடையாது. அரசுக்குத் தகவல் கொடுத்தால் போதும். 2025 செப்டம்பரில் மாநில அமைச்சரவை அந்த 10-ஐ 20 ஆக்கவும், 9 மணியை 10 மணி ஆக்கவும் ஒப்புதல் தந்தது. நம் பேட்டைப் பையன்களோ 2017 முதலே வெளியேதான். ரயில்வேயில் கேட்மேனுக்குக்கூட ரோஸ்டர் உண்டு! குறைந்தபட்ச ஊதியம் மட்டும் ஒரே ஆள் வேலை செய்தாலும் கொடுத்தாக வேண்டும்.

தமிழ்நாட்டில் கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டுமென்று 2021-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். இங்கே கடை வைத்திருக்கும் நம்மவர்கள் சட்டத்துக்குக் காத்திராமல் ஒரு ஸ்டூல் போடலாம். வாரம் ஒரு நாள் சம்பளத்துடன் லீவு விடலாம். ஊரிலிருந்து அழைத்து வந்த பையன் என்றால், சம்பளத்தை மாதாமாதம் அவன் பேரிலேயே வங்கியில் போட்டுவிடுங்கள்.